கும்பகோணம் டு கோயம்புத்தூர்: வயசான அப்பா அம்மாவோட வீடு மாத்தினது, பேக்கர்ஸ் சர்வீஸ் எப்படி இருந்துச்சு

முதல்லயே மார்க் சொல்லிடறேன், முழுசா படிக்க பொறுமை இல்லாதவங்க இதோட கிளம்பிடலாம். பேக்கிங், லோடிங், டிரைவர் மூணுக்கும் சேர்த்து 5க்கு 4 தாராளமா குடுப்பேன். சர்வே எடுத்து கொட்டேஷன் போட்ட ஆபீஸுக்கு 1, அதுவும் போன் பண்ணா எடுத்தாங்கங்கறதுக்காக. அன்பேக்கிங்னு தனியா காசு வாங்கினாங்க பாருங்க, அதுக்கு 2. கம்பெனி பேர் போடல. இந்த தொழில்ல போர்டு ஒருத்தரோடது, வண்டி இன்னொருத்தரோடது, லோடிங் பசங்க அன்னிக்கு காலைல போன் போட்டு வரவழைச்சவங்க. நான் பேர் சொல்லி நீங்க புக் பண்ணாலும் எங்க வீட்டுக்கு வந்த அதே ஆளுங்க உங்க வீட்டுக்கு வரப்போறதில்ல. அதனால எதை எதை கேட்டு வாங்கணும்னு சொல்றேன், அது எந்த கம்பெனிக்கும் ஆகும்.

அப்பாவுக்கு 78, போக்குவரத்துக் கழகத்துல இருந்து ரிட்டயர் ஆனவர். அம்மாவுக்கு 72, ரெண்டு முட்டியும் சரியில்ல, கூடவே சுகர், இன்சுலின் போட்டுக்கறாங்க. கும்பகோணத்துல திண்ணை, முத்தம், கொல்லைன்னு நீளமா போற பழைய ஓட்டு வீடு, மழை வந்தா அப்பாவே ஏணி போட்டு ஓடு மாத்த ஏறுவார், அதுதான் எங்களுக்கு பயமே. தம்பி சிங்கப்பூர்ல, நான் கோயம்புத்தூர்ல. கடைசியா எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி மூணாவது மாடியில லிஃப்ட் இருக்கற ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட் பாத்து முடிவு பண்ணோம். அந்த நீள வீட்டுச் சாமானை இந்த ஃப்ளாட்டுக்குள்ள அடைக்கணும்னா பாதிக்கு மேல அங்கயே கழிச்சாகணும். இதுல தான் பேக்கர்ஸ் கம்பெனிக்கும் நமக்கும் கணக்கு ஒத்து வராது. அவங்க சாமான் எத்தனை கன அடின்னு பாக்கறாங்க, எதை எடுக்கறது எதை விடறதுன்னு முடிவு பண்ற வேலை அவங்க ரேட் கார்டுலயே கிடையாது. வயசானவங்க வீடு மாத்தறதுல அதுதான் முக்காவாசி வேலை.

அமெரிக்கால இதுக்குன்னே சீனியர் மூவ் மேனேஜர்னு ஒரு தொழில் இருக்கு, அவங்களுக்கு தேசிய அளவுல சங்கம் கூட இருக்கு. பெரியவங்க கூட உக்காந்து எது வேணும் எது வேணாம்னு பிரிச்சு, புது வீட்ல எந்த அலமாரி எங்க வரும்னு ஸ்கெட்ச் போட்டு, கடைசியில படுக்கை விரிச்சு குடுத்துட்டு போற வரைக்கும் ஒரே ஆள் பாத்துக்குவாங்களாம். நம்ம ஊர்ல அதை நாமளே துண்டு துண்டா ஒட்ட வச்சுக்கணும். நாங்க அப்படித்தான் பண்ணோம், அதுல எங்களுக்கு கிடைச்ச பெஸ்ட் சர்வீஸ் எந்த கம்பெனியும் இல்ல, எதிர் வீட்டு அக்கா.

அந்த அக்கா முன்னாடி அங்கன்வாடில வேலை பாத்தவங்க. மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் வந்து அம்மா கூட உக்காந்து ஒரு பெட்டி, ஒரு அலமாரின்னு பிரிப்பாங்க, நாள் கூலி பேசித்தான் வச்சோம், அவங்க வேணாம்னாலும் கட்டாயப்படுத்தி குடுத்தோம். நான் இதை பண்ணப்போ என்ன ஆச்சுன்னா, ஒரு சட்டியைத் தூக்கிக் காட்டி "இது வேணுமாம்மா, வேணாமா"ன்னு கேப்பேன், அம்மா "இருக்கட்டும்டி"ம்பாங்க. எதைக் கேட்டாலும் இருக்கட்டும் தான். அக்கா அப்படி கேக்கவே இல்ல. "பெரியம்மா, இந்த அடுக்கு யாருக்கு குடுக்கலாம்?"னு தான் ஆரம்பிப்பாங்க. உடனே அம்மா முகமே மாறிடும். பெரிய அண்டா நாத்தனார் பேத்தி கல்யாணத்துக்கு, இட்லி கொப்பரை கோயில் மடப்பள்ளிக்கு, பழைய ஊறுகா ஜாடி ரெண்டுல ஒண்ணு எனக்கு, ஒண்ணு தம்பி பொண்டாட்டிக்குன்னு அவங்களே பேர் சொல்லி ஒதுக்க ஆரம்பிச்சுட்டாங்க. கேள்விய மாத்தினது மட்டும் தான். நீங்க யாராவது பெத்தவங்க வீட்டை காலி பண்ணப் போறீங்கன்னா இந்த ஒண்ணை மட்டும் வச்சுக்கங்க.

யாருக்கும் போகாத சாமானுக்கு வேற வழி பாத்தோம். பித்தளை பாத்திரம் கும்பகோணத்துல விக்கறது கஷ்டமே இல்ல, பாத்திரக்கடை தெருவுக்கு ஒண்ணு இருக்கு, எடை போட்டு எடுத்துப்பாங்க. ஆனா ஒரு கடையில சொன்ன விலைக்கும் அடுத்த கடையில சொன்ன விலைக்கும் நல்ல வித்தியாசம் இருந்துச்சு, அதனால மூட்டையை எடுத்துட்டு ஒரே கடைக்கு போயிடாதீங்க. தேக்கு மேசை, கண்ணாடி வச்ச பெரிய பீரோ இதெல்லாம் காரைக்குடி பக்கம் இருந்து வர்ற பழைய மரச்சாமான் வியாபாரிங்க வாங்கிக்கறாங்க, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு முழுக்க அந்த கடைங்க தான். எங்க வீட்டுக்கு வந்தவர் பீரோவை ஒரு நிமிஷம் தான் பாத்தார், அப்புறம் வாசக்கதவையே தடவிட்டு நின்னார், "இதையும் தர்றீங்களா ஐயா"ன்னு அப்பாகிட்ட கேட்டுட்டார். அப்பா அன்னிக்கு அவர்கிட்ட பேசின பேச்சு எழுத முடியாது. பீரோவும் போகல. கடைசியில அது எதிர் வீட்டு அக்கா வீட்டுக்கே போச்சு.

ஆட்டுக்கல், அம்மி, உரல் மூணும் எடுத்துட்டு வர முடியாது, ஃப்ளாட்ல வைக்க இடமும் இல்ல. பேக்கர்ஸ்காரங்க கல் சாமானுக்கு தனி ரேட் கேப்பாங்க. அம்மி மட்டும் அம்மா விடல. சின்ன அம்மி தான், சரின்னு எடுத்துட்டு வந்தாச்சு, இப்ப பால்கனியில இருக்கு.

இனி கம்பெனி கதை. மூணு இடத்துல கொட்டேஷன் வாங்கினோம். இங்க ஒரு விஷயம், கூகுள்ல தேடினா பெரிய கம்பெனி பேர்லயே ஒரு எழுத்து முன்ன பின்ன மாத்தி பத்து கம்பெனி வரும், லோகோ கூட அதே கலர்ல. அட்ரஸ், ஜிஎஸ்டி நம்பர் ரெண்டையும் கேளுங்க, ஜிஎஸ்டி நம்பரை அரசாங்க வெப்சைட்ல போட்டா கம்பெனியோட பதிவுப் பேர் வரும், அது போர்டுல இருக்கற பேரோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. நாங்க எடுத்த கம்பெனி 38,000 பிளஸ் ஜிஎஸ்டி சொன்னாங்க, 17 அடி ஐச்சர் லாரி, முழு வண்டியும் நமக்கு மட்டும். ஷேர் லோடுன்னா, அதாவது மத்தவங்க சாமானோட சேர்த்து ஒரே வண்டியில ஏத்தினா, இன்னும் கம்மியா வரும், ஆனா சாமான் எப்ப வரும்னு சொல்ல முடியாது, நடுவுல குடோன்ல இறக்கி ஏத்துவாங்க. வயசானவங்களை கட்டில் இல்லாம, மிக்ஸி இல்லாம காலி ஃப்ளாட்ல உக்கார வைக்க முடியாதுல்ல, அதனால தனி வண்டி தான்.

சர்வேக்கு ஆள் நேர்ல வரல, வாட்ஸாப் வீடியோ கால்ல வீட்டை சுத்திக் காட்டச் சொன்னாங்க. அந்தப் பையன் ஹால், ரெண்டு ரூம், சமையக்கட்டு பாத்துட்டு "ஓகே மேடம், போதும்"னு கட் பண்ணிட்டான். பரண் இருக்கான்னு கேக்கல, கொல்லையில கொட்டகை இருக்கான்னு கேக்கல, தெருவுக்குள்ள லாரி வருமான்னு கூட கேக்கல. நான் தான் திரும்ப கூப்பிட்டு பரணையும் காட்டி, தெருவையும் நடந்து காட்டி, அந்த வீடியோவை எடுத்து வாட்ஸாப்லயும் அனுப்பி வச்சேன். நல்லவேளை. ஷிஃப்ட் பண்ற அன்னிக்கு காலைல ஆபீஸ்ல இருந்து போன், "மேடம், பரண் சாமான் சர்வேல இல்ல, லாரி தெருவுக்குள்ள வராது, குட்டி யானை வச்சு மெயின் ரோட்டுக்கு அடிக்கணும், எக்ஸ்ட்ரா 6,000 ஆகும்". அப்பா திண்ணையில உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டு இருக்கார், பாதி சாமான் ஏத்தியாச்சு, அந்த நேரம் பாத்து தான் இவங்க கேப்பாங்க. வீடியோவை திரும்ப அனுப்பி, தேதி பாருங்கன்னு சொன்னதும் பரண் பேச்சு போயிடுச்சு. குட்டி யானைக்கு மட்டும் ஒரு தொகை குடுத்தோம், அதுல நியாயம் இருக்கு, வண்டி நிஜமாவே ரெண்டு நடை அடிச்சுது.

பில்லுல ஈ-வே பில் சார்ஜ்னு ஒரு லைன் வேற, சரக்கு ஏத்திட்டு போற வண்டிக்கு ஜிஎஸ்டில ஆன்லைன்ல எடுக்கற சீட்டு அது. வீட்ல புழங்கின பழைய சாமானுக்கு ஈ-வே பில்லே தேவையில்ல, ஜிஎஸ்டி விதியிலயே விலக்கு இருக்கு. அதைச் சொன்னதும் மறுபேச்சு இல்லாம அந்த லைனை அடிச்சுட்டாங்க. அப்ப எத்தனை பேர்கிட்ட வாங்கியிருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.

இன்சூரன்ஸ் பத்தி கொஞ்சம் பொறுமையா படிங்க. நாம சொல்ற சாமான் மதிப்புல இத்தனை சதவீதம்னு, பெரும்பாலும் 3 சதவீதம் வரைக்கும், ஒரு தொகை போட்டு டிரான்சிட் இன்சூரன்ஸ்னு சொல்லுவாங்க. நிறைய கம்பெனி இதை எந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் கட்டறதில்ல, அவங்களே ஏதாவது உடைஞ்சா பாத்துக்கறோம்னு வாய் வார்த்தையா வச்சுக்கற காசு அது. இன்சூரன்ஸ் கம்பெனி பேர், பாலிசி காப்பி வாட்ஸாப்ல வரணும், வந்தா தான் அந்த காசு குடுக்கணும். நகை, ரொக்கம், பத்திரம் எதுக்கும் அதுல கவர் கிடையாது, அதெல்லாம் நம்ம மடியில தான் வரணும். "பில் வேணாம்னா 18 சதவீதம் மிச்சம் மேடம்"னு ஒருத்தர் சொன்னார், பில்லும் லாரி ரசீதும் கையில இல்லாம நாளைக்கு பீரோ கால் ஒடிஞ்சுதுன்னு யார்கிட்ட போய் நிக்கறது. சாமான் உடைஞ்சோ தொலைஞ்சோ கேஸ் போடணும்னா புக் பண்ண தேதியில இருந்து 180 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ் குடுத்திருக்கணும்னு ரோடு சரக்குப் போக்குவரத்து சட்டத்துல இருக்கு, அதுக்கும் ரசீது தான் ஆதாரம். 1915ங்கறது தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், அது நம்பர் மட்டும் சேவ் பண்ணி வச்சுக்கங்க.

நாள் பாக்கற விஷயத்துல ஒரு காசு மிச்சம் பண்ற வழி இருக்கு. ஆடியில வீடு மாறக்கூடாதுன்னு அம்மா ஒத்தக்கால்ல நின்னுட்டாங்க, சரி ஆவணி முதல் முகூர்த்தம்னா அன்னிக்கு எல்லா பேக்கர்ஸும் ரேட்டை ஏத்தி வச்சிருக்காங்க, வண்டியும் கிடைக்கல. நாங்க என்ன பண்ணோம்னா நல்ல நாள் அன்னிக்கு சாமி படம், குடத்துல தண்ணி, உப்பு, மஞ்சள் எல்லாம் கார்ல எடுத்துட்டு போய் ஃப்ளாட்ல பால் காய்ச்சிட்டோம். சாமான் லாரி அதுக்கப்புறம் வந்த ஒரு சாதாரண புதன்கிழமை. சாஸ்திரத்துக்கும் பங்கம் இல்ல, பர்ஸுக்கும் இல்ல. மாசக் கடைசியும் மாச முதல் வாரமும் கூட டிமாண்ட் ஜாஸ்தி, வாடகைக்காரங்க எல்லாம் அப்ப தான் மாறுவாங்க.

பேக்கிங் டீம் அஞ்சு பேர், சூப்பர்வைசரா ஒரு பையன், முப்பது வயசு இருக்கும். இவனுக்காகத் தான் அந்த 4 மார்க். வந்ததும் சாமானைத் தொடல. அம்மாவை முத்தத்து நிழல்ல நாற்காலி போட்டு உக்கார வச்சு, "பாட்டிம்மா, நீங்க எழுந்திரிக்கவே வேணாம், நாங்க தூக்கிட்டு வந்து காட்டறோம், எந்த ரூமுக்குன்னு மட்டும் சொல்லுங்க"ன்னான். ஒவ்வொரு அட்டைப்பெட்டி மேலயும் மார்க்கர்ல தமிழ்லயே எழுதினான், "அம்மா ரூம் - போர்வை", "கிச்சன் - தினமும் வேணும்" இப்படி. அந்த தினமும் வேணும்ங்கற பெட்டிய லாரியில கடைசியா ஏத்தினாங்க, அப்ப தான் முதல்ல இறங்கும்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு ஒரு ஜோடி இருக்கு, அம்மா கல்யாணத்துக்கு தாத்தா வாங்கினது, நல்ல வெயிட்டு. அந்த விளக்கு அடிப்பாகம், தண்டு, தட்டு, மேல அன்னம்னு திருகு திருகா கழண்டு வரும். முழுசா துணி சுத்தி பெட்டியில படுக்க வச்சா ரோட்ல வர்ற ஆட்டத்துல தண்டு வளைஞ்சுடும். பையன் ஒவ்வொண்ணா கழட்டி, திருகுல நூல் சுத்தி, வலது இடதுன்னு மாறாம இருக்க ரெண்டு விளக்குக்கும் ரெண்டு கலர் டேப் ஒட்டினான். இறக்கி பிரிச்சப்போ ஒரு அன்னத்தை மட்டும் காணோம். அம்மா ஒண்ணும் பேசல, ஆனா காபி வேணாம்னுட்டாங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல அரிசி டப்பா பெட்டிக்குள்ள துணியில சுருட்டி கிடந்துச்சு. டேப் ஒட்டினவன் பெட்டியில ஒரு லிஸ்ட்டும் ஒட்டியிருந்தா அந்த அரை நாள் மிச்சம். சாமான் லிஸ்ட்டை பெட்டி நம்பரோட கேட்டு வாங்குங்க, நாங்க வாங்கினது "கார்ட்டன் - 46"னு மொத்த எண்ணிக்கை தான்.

கொலு பொம்மைல அம்மா தான் மேஸ்திரி. பசங்க நேரா பபிள் ராப் சுத்தப் போனாங்க, அம்மா விடல, வெயில்ல லாரி நின்னா பிளாஸ்டிக் சூடாகி பெயிண்ட்ல ஒட்டிக்கும்னு சொல்லி அப்பாவோட பழைய வேட்டியைக் கிழிச்சு முதல் சுத்து துணி, மேல தான் பபிள். ஒரு பொம்மைக்கு கூட மூக்கு போகல. தஞ்சாவூர் கிருஷ்ணர் படத்தை லாரியில ஏத்தல, கார் பின்சீட்ல நிக்க வச்சு பெல்ட் போட்டு கொண்டுவந்தோம். அம்மா இன்சுலின் ஐஸ் பேக் போட்ட சின்ன பையில, ஐஸ் நேரா படாம நடுவுல துண்டு வச்சு, ஏன்னா உறைஞ்சு போனா அந்த மருந்தை தூக்கித் தான் போடணும். மருந்து சீட்டு, பென்ஷன் புக், பத்திரம், கண்ணாடி, காது மெஷின் எல்லாம் ஒரே கைப்பை, அது என்கிட்டயே.

ஃப்ரிட்ஜ் முந்தின நாளே ஆஃப் பண்ணி தண்ணி வடிச்சு வச்சிருந்தோம், நிக்க வச்சே கொண்டுவந்தாங்க, வந்ததும் சில மணி நேரம் விட்டு தான் போட்டோம். இன்வெர்ட்டர் பேட்டரியைத் தான் சாய்க்கப் பாத்தாங்க, உள்ள இருக்கறது ஆசிட்டு தம்பின்னு அப்பா சத்தம் போட்டு நிமித்தினார்.

டிரைவர் பத்தி சொல்லியே ஆகணும். நாங்க கார்ல முன்னாடி கிளம்பிட்டோம், லாரி பின்னாடி. அப்பாவுக்கு அந்த ரோடெல்லாம் உள்ளங்கை மாதிரி, தஞ்சாவூர், திருச்சி, கரூர், காங்கேயம், பல்லடம்னு ஒவ்வொரு ஊருக்கும் டைம் வச்சிருக்கார். "தம்பி, குளித்தலை தாண்டிட்டீங்களா? வெள்ளகோவில்ல சாப்பிட்டுக்கங்க, வண்டிய கண்ணுல படற மாதிரி நிறுத்துங்க"ன்னு வழியெல்லாம் போன். வேற டிரைவரா இருந்தா போனை ஆஃப் பண்ணிருப்பாரு. இவரு ஒவ்வொரு தடவையும் எடுத்து "தாண்டியாச்சு ஐயா, வண்டி பத்திரம்"னு பதில் சொன்னார். அப்பா ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் அவ்வளவு சந்தோஷமா ஒரு நாள் இருந்து நான் பாக்கல. டீ காசு அப்பாவே தனியா குடுத்தார், எவ்வளவுன்னு சொல்லல.

இங்க வந்து இறக்கறதுல ஃப்ளாட் அசோசியேஷன் கெடுபிடி. காலைல ஒன்பதுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் தான் ஷிஃப்டிங், லிஃப்டுக்கு ஒரு சார்ஜ், டெபாசிட் வேற. இதை முன்கூட்டியே செக்ரட்டரிகிட்ட கேட்டு எழுதி வாங்கிடுங்க, ராத்திரி வண்டி வந்தா கேட்டுக்கு வெளிய தான் நிக்கணும். கட்டில் தலைமாடு லிஃப்ட்ல போகல, படியில தூக்கினாங்க, மூணாவது மாடிக்கு எக்ஸ்ட்ரா கேக்கல, அது பெரிய விஷயம்.

அன்பேக்கிங் தான் சொதப்பல். ரெண்டு பேர் வந்து பெட்டியெல்லாம் பிரிச்சு, பாத்திரத்தை எங்க எடம் இருக்கோ அங்க அடுக்கிட்டு போட்டோ எடுத்துட்டு போயிட்டாங்க. பாக்க அழகா இருந்துச்சு. அம்மா தினமும் எடுக்கற குக்கர், தோசைக்கல், பருப்பு டப்பா எல்லாம் மேல் ஷெல்ஃப்ல, கை தூக்கினா தோள் வலிக்கும், ஸ்டூல் போட்டா நான் சண்டை போடணும். மறுநாள் பூரா நானும் அம்மாவும் மாத்தி அடுக்கினோம், தினமும் வேணுங்கறது இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவுல, வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கறது மட்டும் மேல. அந்த காசுக்கு அன்பேக்கிங் எடுக்காதீங்க. எடுத்தா கட்டில் பூட்டறது, பீரோ நிறுத்தறது, குப்பை அட்டையெல்லாம் திரும்ப எடுத்துட்டு போறது இதை மட்டும் வாங்குங்க.

கட்டில் போடறப்போ ஒரு சின்ன வேலை பண்ணோம், அதுக்கு காசே ஆகல. பழைய வீட்ல அப்பா படுத்து எந்திரிச்சா வலது கைப்பக்கம் பாத்ரூம் வழி. இங்கயும் கட்டிலை அதே வாக்குல திருப்பி போட்டோம், நடுவுல ஒரு நைட் பல்பு, பாத்ரூம் கைப்பிடி முந்தின வாரமே அடிச்சு வச்சாச்சு, கால் மிதியடி எல்லாத்தையும் தூக்கிட்டோம். அம்மாவோட கட்டில் சுவத்து ஓரமா தான் போட முடிஞ்சுது, முதல் வாரம் ரெண்டு ராத்திரி சுவத்துப் பக்கமா இறங்கப் பாத்தாங்க. அப்பாவுக்கு அந்தப் பிரச்சனையே வரல.

பேப்பர் வேலை சுருக்கமா. கேஸ் சிலிண்டர் லாரியில ஏத்த மாட்டாங்க, ஊர் விட்டு ஊர் போறதுன்னா சிலிண்டர், ரெகுலேட்டர் ரெண்டையும் பழைய ஏஜென்சில சரண்டர் பண்ணி டெபாசிட்டை வாங்கிட்டு வவுச்சர் எடுத்துட்டு வந்தா இங்க அதே கனெக்ஷன் கிடைக்கும். பழைய டெபாசிட் எல்லாம் அந்த காலத்து தொகை, இங்க இன்னிக்கு ரேட்ல கட்டணும், அப்பா அதுக்கு ஒரு வாரம் புலம்பினார். ஆதார், ரேஷன் அட்ரஸ் மாத்தறதெல்லாம் இ-சேவை மையத்துல முடிஞ்சுது, கூட்டம் இல்லாத நேரம் பாத்து போங்க. உதவிக்கு பிள்ளைங்க பக்கத்துல இல்லாதவங்க 14567க்கு போன் பண்ணலாம், அது முதியோர் ஹெல்ப்லைன், எங்க போகணும் யாரைக் கேக்கணும்னு வழி சொல்லுவாங்க.

மொத்தத்துல திரும்ப இதே கம்பெனில பண்ணுவேனான்னா, அந்த சூப்பர்வைசர் வருவார்னு எழுதிக் குடுத்தா பண்ணுவேன். டிவி ஸ்டாண்டோட நாலு ஸ்க்ரூ இன்னும் வரல, ஆபீஸ்ல கேட்டா கொரியர் போட்டாச்சுங்கறாங்க. டிவி இப்போதைக்கு அம்மியைக் கட்டிட்டு வந்த மரப்பெட்டி மேல நிக்குது, ஸ்க்ரூ வந்தா கீழ அப்டேட் பண்றேன்.